கண்ணுக்குத் தெரிந்த பொன்மணி கணினிக்குத் தெரியவில்லை



சென்ற ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரம், உண்மை பேசிய ஒரு பிள்ளையை நான் பொய்யாக்கினேன். அதைச் செய்தது கணினி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழியிருக்கிறது. ஆனால், கணினி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதனாலேயே இதனை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளி நூலகத்தில் மாணவர் எடுத்துப் படிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் கணினியில் ஒரு பதிவு உண்டு. மாணவர் பெயர், வகுப்பு, நூலின் தலைப்பு, திருப்பித் தந்த நாள் என நான்கு கட்டங்கள். எல்லாம் தமிழில். ஓராண்டில் 50 நூல்களுக்கு மேல் படித்தவர்களுக்கு விழா மேடையில் நற்சான்றிதழும் நூற்பரிசும் வழங்குகிறோம். பட்டியல் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. வருகைப் பதிவேட்டை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகத் தேடி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. பொன்மணி என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன், முதலெழுத்தை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும். அவள் பெயருக்கு 38 நூல்கள் என்று கணினி காட்டியது. பட்டியலில் சேர்க்கவில்லை. மறுநாள் அவளே வந்து நின்றாள்.

"டீச்சர், நான் 61 படிச்சிருக்கேன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"38தான் இருக்கும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அந்தக் குறிப்பேட்டை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் தாயார் வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் என்னைச் சந்தித்தார். "கொறை சொல்ல வரல டீச்சர். அவ படிச்சா, நான் பார்த்தேன். பரிசு வேணாம். பொய் சொன்னான்னு மட்டும் இருக்க வேணாம்" என்றார்.

அன்று பிற்பகல் பொன்மணியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, தேடலை விட்டுவிட்டு, முழுப் பதிவேட்டையும் திரையில் மேலிருந்து கீழே ஓட்டினேன். நான்காம் பக்கத்திலேயே அவள் விரலை நீட்டினாள். "இதோ இருக்கே டீச்சர் என் பேரு." இருந்தது. பொன்மணி என்றே எழுதியிருந்தது. பிழையில்லை, இடைவெளியில்லை. ஆனால், நான் 'பொன்மணி' என்று தேடிய பொழுது அந்த வரி வரவில்லை. குறிப்பேட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அவள் எழுதிவைத்திருந்த 61 நூல்களும் பதிவேட்டில் இருந்தன. 38 தேடலில் கிடைத்தன. 23 கண்ணுக்கு மட்டும் கிடைத்தன.

இத்தகைய நேரத்தில் நம்மில் பலர் செய்வது, அந்த 23 வரிகளை அழித்துவிட்டு மீண்டும் தட்டச்சிடுவது. சிக்கல் தீர்ந்தது போல் தோன்றும். ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமலே போய்விடும். எனவே தொடவில்லை. இரண்டு வரிகளை எடுத்து, பெயரின் நீளத்தை அளக்கும்படி கணினியிடம் கேட்டேன். நாங்கள் பயன்படுத்துவது எஸ்கியூலைட் என்னும் எளிய தரவுத்தளம். அதில் 'லெங்த்' என்றொரு கட்டளை, ஒரு சொல்லில் எத்தனைக் குறிகள் உள்ளன என்று சொல்லும். ஒரு பொன்மணிக்கு 7 என்றது. இன்னொரு பொன்மணிக்கு 8 என்றது.

முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் பொ, ன், ம, ணி என்று நான்கு எழுத்து என்பான். நம் கணக்கு அதுதான். ஒருங்குறியின் கணக்கு வேறு. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128 எண்கள். நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் அங்கே கிடையாது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி போன்றவற்றுக்கே எண் உண்டு. ப என்பதற்கு 2986. ஒகரக் குறிக்கு 3018. ஆகவே 'பொ' என்பது 2986, 3018 என்னும் இரண்டு எண்கள். அடுத்து ன, புள்ளி, ம, ண, இகரக் குறி. ஆக மொத்தம் 7. இதுதான் முதல் பொன்மணி.

இரண்டாம் பொன்மணியில் 3018 இல்லை. அதற்குப் பதிலாக 3014, 3006 என்று இரண்டு எண்கள் இருந்தன. 3014 ஒற்றைக் கொம்பு. 3006 துணைக்கால். கொம்பும் காலும் சேர்ந்தால் திரையில் 'பொ'தான். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து காட்டிவிடும். கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடல், வரைந்த படத்தைப் பார்ப்பதில்லை. எண் வரிசையைப் பார்க்கிறது. நான் 3018 உள்ள பெயரைக் கேட்டேன். அது 3018 உள்ள பெயர்களை எல்லாம் கொடுத்தது. ஒன்றைக்கூட விடவில்லை.

முதலாம் ஆண்டில் நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? "கொம்பு போடு, ப போடு, கால் போடு." பிள்ளையின் கைக்கு 'பொ' என்பது மூன்று துண்டு. ஒருங்குறிக்கு முறைப்படி இரண்டு எண். எங்கள் பதிவேட்டில் மூன்று எண் எப்படி நுழைந்தது என்று தேடினேன். பதிவு செய்வோர் நாங்கள் இருவர். நான் ஒருங்குறியில் நேரடியாகத் தட்டச்சிடுகிறேன். மூத்த ஆசிரியர் ஒருவர் பழைய எழுத்துருவிலேயே கை பழகியவர். வீட்டில் அதில் தட்டச்சிட்டு, மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறியாக்கி எனக்கு அனுப்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2001இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தட்டச்சிட்டோம். திஸ்கி போன்ற அந்தக் காலக் குறியாக்கங்களில் எழுத்தைக் கையால் எழுதும் வரிசையிலேயே வைப்பார்கள்: கொம்பு, பிறகு ப, பிறகு கால். நல்ல மாற்றியானால் கொம்பையும் காலையும் கண்டவுடன் அவற்றை ஒகரக் குறி ஒன்றாக ஆக்கிவிடும். அவர் பயன்படுத்திய மாற்றி, கொம்பை ப-வுக்குப் பின்னால் நகர்த்தியதோடு நின்றுவிட்டது. காலைத் தொடவில்லை.

இவ்விரண்டு வடிவங்களும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் சொல்லத்தான் செய்கிறது. இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் அதற்கென ஒரு கட்டளையே இருக்கிறது. எஸ்கியூலைட்டில் இயல்பாக அப்படி ஒன்று இல்லை. கட்டளை இருந்தாலும், நாம் சொன்னால்தான் அது செய்யும். தேடும்போது தானாகச் செய்யாது.

பதிவேட்டில் மொத்தம் 3,416 வரிகள். அவற்றுள் 412 வரிகளின் பெயர்க் கட்டத்தில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. யாருடைய வரிகள்? பொன்மணி, கோமளா, மோகன், யோகிதா, லோகேஸ்வரன். ஒகரமும் ஓகாரமும் பெயரில் உள்ள பிள்ளைகள். கமலா தப்பித்தாள், கோமளா தப்பவில்லை. படித்தவர், படிக்காதவர் என்று பாராமல், பெற்றோர் வைத்த பெயரின் உயிரெழுத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறது எங்கள் பட்டியல். திருத்திய பிறகு எண்ணிப் பார்த்தால், 50 நூல்களைத் தாண்டியவர் 19 பேர் அல்லர், 26 பேர்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். தேடலில் தவறாக வந்த ஒன்று கண்ணில் படும். வராமல் போன ஒன்று படவே படாது. 19 பெயர்களும் சரியான பெயர்கள். ஒவ்வொன்றையும் நான் சரிபார்த்தேன். விடுபட்ட 7 பேரை எதை வைத்துச் சரிபார்ப்பது? ஆகையால், தேடி எடுத்த பட்டியலை மொத்தக் கணக்கோடு ஒப்பிடாமல் எந்தப் பள்ளியும் இறுதிப் பட்டியலாகக் கொள்ளக் கூடாது என்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த எண்ணிக்கையைக் கூட்டினால் 3,416 வர வேண்டும். எனக்கு அது வந்திருக்காது. கூட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. கடைக்காரர் மாலையில் கல்லாவை எண்ணுவதைப் போன்றது. இலவசச் சீருடை, புத்தகப்பை, கூடுதல் வகுப்பு என்று எத்தனையோ பட்டியல்களை நாம் இப்பொழுது கணினியில்தான் எடுக்கிறோம். நற்சான்றிதழ் போனால் மனம் நோகும். சீருடை போனால்?

இதைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், "எதற்கு இந்தத் தொல்லை? பெயரை ரோமன் எழுத்தில் மட்டும் போட்டுவிட்டால் சிக்கலே இல்லையே" என்றார். பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் அது உண்மையன்று. ரோமன் எழுத்தில் லெட்சுமிக்கு எத்தனை வடிவம் என்று நம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முதலில் 'எல்இ' என்று தொடங்குவோர், 'எல்ஏ' என்று தொடங்குவோர். நடுவில் 'டிசிஎச்' இடுவோர், 'கேஎஸ்எச்' இடுவோர். இறுதியில் 'ஐ' வைப்போர், 'வொய்' வைப்போர். தந்தை பெயருக்கு முன் வரும் 'ஏ/பி' என்பதைச் சிலர் இடைவெளி விட்டு எழுதுவர். சிலர் சாய்கோடே இல்லாமல் எழுதுவர். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு. எஸ்கியூலைட்டில் 'லைக்' கட்டளையால் தேடினால் அது ரோமன் எழுத்தில் பெரியது சிறியது பார்ப்பதில்லை. சமக்குறியிட்டுத் தேடினால் பார்க்கும். போஸ்ட்கிரெஸில் 'லைக்' கட்டளையே பார்க்கும். ஆக, அங்கும் இதே கதைதான். தமிழில் உள்ள சிக்கலுக்காவது தமிழ் தெரிந்தவன் விடை காணலாம். அந்த நண்பர் மறுத்துப் பேசவில்லை. ஆனால், ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் பதிவேட்டை முழுதும் குடைந்தேன். கண்டவற்றைச் சொல்கிறேன், உங்கள் பள்ளியிலும் இருக்கக்கூடும்.

கௌரி. இந்தப் பெயரை இருவகையாக எழுதியிருந்தோம். ஔகாரக் குறியோடு எழுதுவது சரி. அது ஓர் எண், 3020. ஆனால் பலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்னும் எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். திரையில் 'கெளரி' என்று வரும். கண்ணுக்கு ஏறக்குறைய அதேதான். இது முன்னதைப் போன்றதன்று. பொன்மணியில் இரண்டு வடிவங்களும் ஒரே எழுத்து. இங்கே வந்திருப்பது வேறெழுத்து. இயல்பாக்கம் இதைத் திருத்தாது, திருத்தவும் கூடாது. அவசரக்காரி நான், "கொம்பும் ள-வும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரக் குறியாக மாற்று" என்று கட்டளை எழுதத் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, நகலெடுத்து வைத்த பதிவேட்டில்தான் ஓட்டினேன். நூல் தலைப்புகளில் இருந்த தெளிவு, வெள்ளி, எள்ளுருண்டை என்னும் சொற்களில் எள்ளுருண்டை மட்டுமே பிழைத்தது. தெளிவும் வெள்ளியும் வாசிக்க முடியாமல் சிதைந்தன. 'எ' என்பது உயிரெழுத்து. அதில் கொம்பு இல்லையல்லவா, அதனால் தப்பித்தது. கௌரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே திருத்தினேன். 14 வரிகள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஸ்ரீ இன்னும் நுட்பமானது. முதலில் இதனை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று அமைத்தார்கள். 2005இல் ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில் ஶ என்னும் எழுத்து 2998ஆம் எண்ணில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸ்ரீயை அந்த ஶ-வைக் கொண்டு அமைப்பதே முறை என்றாயிற்று. பழைய முறையும் வழக்கில் நீடிக்கிறது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. ஆனால், ஒருங்குறித் தரம் இவற்றை ஒன்றென்று சொல்லவில்லை. எனவே இயல்பாக்கம் இங்கேயும் உதவாது. ஸ்ரீதேவி என்னும் பிள்ளை இருவராகத்தான் இருப்பாள், நாம் சேர்த்துவைக்கும் வரை. 'சிறீ', 'திரு' என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தனித்தமிழ் அன்பர்கள் எண்ணலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பிள்ளையின் பெயரை மாற்ற நமக்கு உரிமையில்லை.

எழுத்தெண்ணித் தேடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'லைக்' கட்டளையில் % என்னும் குறி எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதைக் குறிக்கும். அடிக்கோடு ஒரே ஓர் எழுத்தைக் குறிக்கும் என்று கணினி நூல்களில் எழுதியிருக்கும். நான் மொழி விளையாட்டுக்காக, க-வில் தொடங்கும் மூன்றெழுத்துப் பெயர்களைத் தேடினேன். க, அதன் பின் இரண்டு அடிக்கோடு. கமலாவும் கவிதாவும் வருவார்கள் என்று பார்த்தால், கலா, கனி, கவி வந்து நின்றார்கள். இரண்டெழுத்துப் பெயர்கள்! கணினியின் கணக்கில் கலா என்பது க, ல, கால் என்று மூன்று. கமலா நான்கு. அங்கே 'எழுத்து' என்பது நன்னூல் சொல்லும் எழுத்தன்று. ஓர் எண், அவ்வளவே. அதே போல 'ம' என்று முடியும் பெயர்களைக் கேட்டால் சுந்தரம் வரமாட்டான். அவன் பெயரின் கடைசியில் நிற்பது புள்ளி. க-வில் தொடங்கும் பெயர்களைக் கேட்டாலோ காயத்திரியும் கீதாவும் கோமதியும் சேர்ந்தே வருவார்கள். கா-வுக்குள்ளும் கீ-க்குள்ளும் முதலில் இருப்பது க-தான். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்ததே உயிர்மெய் என்று நாமும்தானே கற்பிக்கிறோம்?

நூல் தலைப்புகளைத் தேடும்போது வந்தவை குறியாக்கச் சிக்கல்கள் அல்ல. முழுக்க முழுக்க இலக்கணம். 'குழந்தை பாடல்' என்று தேடினால் 'குழந்தைப் பாடல்கள்' வராது. இடையில் ஒற்று மிகுந்திருக்கிறது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' வராது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. சரி, 'மர' என்று சுருக்கித் தேடுவோம் என்றால் மரபும் சமரசமும் வருவதோடு, குமரனும் வந்து நிற்பான். இதை எந்தக் கணினிப் பொறியாளர் நமக்கு வந்து சொல்லித்தருவார்? புணர்ச்சி தெரிந்தவருக்குத்தான் எங்கே வெட்டித் தேட வேண்டும் என்று தெரியும். 'குழந்தை' என்று ஒரு துண்டு, 'பாடல்' என்று ஒரு துண்டு, நடுவில் ஒரு %. முடிந்தது.

மற்றவை சிறியவை. இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் சில வேளை இடைவெளி போலவே தோன்றும் வேறொரு குறி இருக்கும். இயல்பான இடைவெளிக்கு எண் 32, இதற்கு 160. ஓரத்து இடைவெளிகளை நீக்கும் 'டிரிம்' கட்டளை எஸ்கியூலைட்டில் 32ஐ மட்டுமே நீக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில் '50%' கழிவு என்று எழுதியிருந்ததைத் தேடினால் 150 ரிங்கிட்டும் 2,500 ரிங்கிட்டும் சேர்ந்து வந்தன. % என்பதைக் குறியாகக் கொள்ளாமல் எழுத்தாகக் கொள் என்று தனியே சொல்ல வேண்டும். அக்சஸ் பயன்படுத்தும் பள்ளிகளில் பெரும்பாலும் % வேலையே செய்யாது, அங்கே உடுக்குறிதான். பிறகு, "ஆறாம் ஆண்டு அல்லாதோர்" என்று கேட்டால், வகுப்புக் கட்டம் வெறுமையாக உள்ள பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். புதிதாக மாற்றலாகி வந்த பிள்ளைகளின் கட்டம்தான் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வெற்றுக் கட்டத்தைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பொன்மணியின் வரிகளை எப்படித் திருத்தினேன் என்று கேட்பவர்களுக்கு: முதலில் முழுப் பதிவேட்டையும் நகலெடுத்தேன். பிறகு 'ரீப்ளேஸ்' கட்டளையால் 3014, 3006 என்று அடுத்தடுத்து வருவதை 3018 ஆக்கினேன். இரட்டைக் கொம்பும் காலும், அதாவது 3015, 3006 என்பதை 3019 ஆக்கினேன். ஒகரமும் ஓகாரமும் இதோடு சரி. மூத்த ஆசிரியருக்கு ஒருங்குறி விசைமுகத்தை அமைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் முணுமுணுத்தார். இப்பொழுது என்னைவிட விரைவாகத் தட்டச்சிடுகிறார்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவுப் பாரத்தில் பிள்ளையின் பெயரைத் தமிழிலும் உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள். ரோமன் எழுத்தைப் பார்த்து நாங்களே ஊகித்துத் தமிழாக்கினால், ஒரு பிள்ளை ஓர் ஆண்டில் லட்சுமியாகவும் மறு ஆண்டில் இலட்சுமியாகவும் இருப்பாள். பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குவோரிடமும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ்த் தட்டச்சைக் கற்றுக்கொடுக்கும் மணி நேரங்களில் ஒரு மணியை ஒதுக்கி, தட்டச்சிட்டது உள்ளே எந்த எண்களாகக் கிடக்கிறது என்று காட்டலாம். எழுத்திலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு மணி போதும்.

விழாவில் பொன்மணி மேடையேறினாள். அதற்கு முன் அவள் வகுப்புக்குப் போய், எல்லார் முன்னிலையிலும், அவள் சொன்னதே சரி, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துப் பிள்ளைதான் கை தட்டினாள்.

திருத்திய பதிவேட்டில் முந்திய ஆண்டுகளையும் மீண்டும் தேடினேன். சான்றிதழ் பெற்றிருக்க வேண்டிய இருவர் விடுபட்டிருந்தனர். இருவரும் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கின்றனர். ஒருவன் வீட்டைக் கண்டுபிடித்துச் சான்றிதழையும் ஒரு நூலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வீட்டில் இல்லை. தாயார் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த வருசம் பேரு வரலன்னதும் புத்தகம் எடுக்கிறதையே விட்டுட்டான் டீச்சர்" என்றார். இன்னொரு பிள்ளையின் குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தச் சான்றிதழ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.